கோட்டுக்கு முன்னால் நின்ற கார்

– மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன்

போன வருடம் எங்கள் டிபார்ட்மென்டும் மெக்கானிக்கல் டிபார்ட்மென்டும் சேர்ந்து ஒரு எலெக்ட்ரிக் கோ-கார்ட் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்து வெல்டிங் செய்தபோது வேடிக்கை பார்த்தவர்கள் பாதிப்பேர். "இது ஓடுமாடா?" என்று கேட்டவர்கள் மீதிப்பேர். ஓடியது! போட்டியில் அரை மணி நேரம் ஜோராகவே ஓடியது. கடைசிச் சுற்றில் மூன்றாவது இடத்தில் வந்து கொண்டிருந்தோம். கோடு கண்ணுக்குத் தெரிகிறது. நாங்கள் எல்லாம் கம்பியைப் பிடித்துக் கொண்டு கத்துகிறோம். பொட்டென்று வண்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினால் கணக்கில் சேராது என்பது விதி. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பேட்டரிக் கணக்குப் போட்டவன் நான். பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரும் என்னிடம் பேசவில்லை.

அன்று இரவு ஹாஸ்டலில் தூக்கம் வராமல் போனை நோண்டிக் கொண்டிருந்தபோது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. 2019 பிப்ரவரி 16, மெக்சிகோ சிட்டி. ஒற்றை இருக்கை எலெக்ட்ரிக் ரேஸ் கார் ஒன்று பந்தயம் முழுக்க முதலிடத்தில் ஓடி, கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் கரண்ட் தீர்ந்து ஜெயிப்பைக் கோட்டை விடுகிறது. கார் மஹிந்திரா! நம்ம ஊர் ரோட்டில் ஜீப்பும் டிராக்டரும் விற்கிற அதே மஹிந்திரா. அடடா, நமக்கு மட்டும் நடந்ததில்லை போலிருக்கிறதே என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து இந்த டீமைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்தப் பந்தயம் என்னவென்று பார்த்து விடுவோம். இதன் பெயர் ஃபார்முலா இ. ஃபார்முலா ஒன் போல ஒருவர் மட்டும் உட்காருகிற, சக்கரங்கள் வெளியே தெரிகிற கார். ஆனால் எஞ்சின் கிடையாது, மோட்டார். முதல் பந்தயம் 2014 செப்டம்பர் 13 அன்று பெய்ஜிங்கில் நடந்தது. கலந்து கொண்ட 10 டீம்களில் ஒரே இந்திய டீம் மஹிந்திரா ரேசிங். மஹிந்திராவுக்கு இதில் ஆர்வம் வந்ததில் ஆச்சரியமில்லை. பெங்களூரில் சேத்தன் மைனி உருவாக்கிய ரேவா என்ற குட்டி எலெக்ட்ரிக் கார் கம்பெனியின் பெரும்பங்கை 2010லேயே வாங்கியிருந்தார்கள். 2011 முதல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் ஓட்டிக் கொண்டிருந்தார்கள்.

முதல் வருட ஓட்டுனர்கள் இருவர். ஒருவர் அயர்டன் சென்னாவின் சகோதரி மகன் புரூனோ சென்னா. மற்றவர் யார் தெரியுமா? நம்ம சென்னையில் பிறந்த கருண் சந்தோக்! அவருடைய தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். 2010ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய கருண், பெய்ஜிங்கில் ஐந்தாவதாக வந்தார். ஆனால் வருட முடிவில் டீமுக்குக் கிடைத்தது எட்டாவது இடம்தான். கருண் அந்த ஒரு சீசனோடு விலகிவிட்டார்.

அந்த முதல் வருடம் எல்லா டீமுக்கும் ஒரே கார். பாடி இத்தாலியின் டல்லாரா செய்தது, மோட்டார் மெக்லாரன், பேட்டரி வில்லியம்ஸ், கியர்பாக்ஸ் ஹ்யூலாண்ட், டயர் மிஷலின். பந்தயத்தில் மோட்டாருக்கு அனுமதிக்கப்பட்ட பவர் 150 கிலோவாட். பேட்டரியில் செலவழிக்க அனுமதித்தது 28 கிலோவாட்-ஹவர், அதாவது நம்ம ஈ.பி. மீட்டர் கணக்கில் 28 யூனிட். இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நான் கோட்டை விட்டதும் இங்கேதான். யூனிட் என்பது மாடித் தொட்டியில் உள்ள தண்ணீர். கிலோவாட் என்பது குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் 28ஐ 150ஆல் வகுத்து 60ஆல் பெருக்குங்கள்: 11 நிமிடம் 12 விநாடி. தொட்டி காலி! பந்தயமோ சுமார் 50 நிமிடம். அதனால் அந்தக் காலத்தில் ஓட்டுனர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கார். பாதிப் பந்தயத்தில் பிட்டுக்குள் வந்து, இறங்கி ஓடி, இன்னொரு காரில் ஏறிக்கொள்வார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். எலெக்ட்ரிக் காரைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு அது நல்ல தீனியாகப் போய்விட்டது. ஆனால் இரண்டு காரும் சேர்ந்துகூட 22 நிமிடத்துக்குத்தான் முழு பவர் தரும். மீதி நேரத்துக்கு என்ன செய்வது?

இருக்கிற 28 யூனிட்டைப் பிழிந்து எடுக்க வேண்டியதுதான். வளைவு வருவதற்கு வெகு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை உருள விடுவார்கள். அப்புறம் பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். மிஷின்ஸ் லேபில் டி.சி. மோட்டாரை வைத்து ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்று சார் எழுதிப் போட்டாரே, அதேதான். காலை எங்கே எடுப்பது, எவ்வளவு நேரம் உருள விடுவது, எவ்வளவு திரும்பப் பிடிப்பது என்பதுதான் இந்தப் பந்தயமே. அழுத்துகிறவன் ஜெயிப்பதில்லை.

இரண்டாம் சீசனிலிருந்து மோட்டார், இன்வெர்ட்டர், கியர்பாக்ஸ் ஆகியவற்றைக் கம்பெனிகள் தாமே செய்து கொள்ளலாம் என்று விதி மாறியது. பேட்டரி எல்லோருக்கும் பொது. மஹிந்திரா செய்த முதல் காருக்கு எம்2எலெக்ட்ரோ என்று பெயர். ஓட்டுனராக ஜெர்மனியின் நிக் ஹைட்ஃபெல்ட் வந்தார். இவர் கதை சுவாரசியமானது. 2014 பெய்ஜிங்கில் வேறொரு டீமுக்காக ஓட்டி, கடைசி வளைவில் முதலிடத்துக்கு மோதும்போது இன்னொரு கார் இடித்து, காற்றில் பறந்து தலைகீழாக விழுந்தவர். நல்ல வேளை, தானே வெளியே வந்துவிட்டார். சரியாக அடுத்த வருடம் அதே பெய்ஜிங்கில் மஹிந்திராவில் மூன்றாவதாக வந்து, டீமுக்கு முதல் மேடையை வாங்கித் தந்தார். அந்த சீசனில் டீம் ஐந்தாவது இடம்.

2017 ஜூன் 10. பெர்லினின் பழைய டெம்பல்ஹோஃப் விமான நிலையம். சுவீடன்காரர் ஃபெலிக்ஸ் ரோசன்குவிஸ்ட் முதலிடம், மூன்றாவது ஹைட்ஃபெல்ட். மஹிந்திராவின் முதல் வெற்றி அது. மறுநாளும் ரோசன்குவிஸ்ட்தான் முதலில் கோட்டைத் தாண்டினார். ஆனால் கார் மாற்றும்போது பிட்டிலிருந்து ஆபத்தாக வெளியே விட்டார்கள் என்று 10 விநாடி தண்டனை போட்டு இரண்டாவதாக்கிவிட்டார்கள். அந்த சீசனில் டீம் மூன்றாவது. எட்டு, ஐந்து, மூன்று! அடுத்து சாம்பியன்தான் என்று யாருக்கும் தோன்றும்.

அடுத்த சீசன் தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. ஹாங்காங்கில் முதல் வளைவிலேயே சுற்றி நின்ற ரோசன்குவிஸ்ட், பின்னாலிருந்து வந்து இரண்டாவதாக முடித்தார். முதலாவதாக வந்த டேனியல் ஆப்ட்டின் காரில் பாகங்களின் முத்திரை எண்கள் ஆவணத்தோடு ஒத்துப் போகவில்லை என்று அவரை நீக்கிவிட, வெற்றி மஹிந்திராவுக்கு. (ஸ்டோர்ஸில் ரெஜிஸ்டர் சரியாக எழுத வேண்டும் என்று நம்ம ஒர்க்‌ஷாப் சார் கத்துவது சும்மா இல்லை!) 2018 ஜனவரியில் மராகேஷிலும் ரோசன்குவிஸ்ட் ஜெயித்துப் புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனார். அப்புறம் வந்தது மெக்சிகோ. முதலிடத்தில் ஓடிக் கொண்டிருந்தபோது பேட்டரியைக் கண்காணிக்கும் அமைப்பில் கோளாறு, வண்டி நின்றது. அடுத்து ரோமில் மறுபடி முதலிடத்தில் ஓடும்போது பின் சஸ்பென்ஷன் உடைந்தது. சாம்பியன் கனவும் அதோடு போயிற்று. வேகம் குறைந்து தோற்றிருந்தால்கூடத் தாங்கிக் கொள்ளலாம்.

இப்போது அந்த 2019 மெக்சிகோவுக்கு வருவோம். அந்த சீசனில் புதிய கார். செலவழிக்கக் கிடைப்பது 52 யூனிட், பந்தயத்தில் பவர் 200 கிலோவாட். இனிமேல் கார் மாற்றக் கூடாது, ஒரே காரில் 45 நிமிடமும் அதற்கு மேல் ஒரு சுற்றும் ஓட வேண்டும். 52ஐ 200ஆல் வகுத்துப் பாருங்கள், முழு பவரில் 15 நிமிடம் 36 விநாடிதான் வரும். மஹிந்திராவில் புதிதாகச் சேர்ந்த பாஸ்கல் வேர்லைன் முதல் வரிசையில் முதல் இடத்திலிருந்து கிளம்பி, கடைசிவரை யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஆடியின் லூகாஸ் டி கிராஸி.

முன்னால் ஓடுவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. முதல் கார்தான் காற்றைக் கிழித்துக் கொண்டு போக வேண்டும். அதன் நிழலில் வருகிறவனுக்கு எதிர்க்காற்று குறைவு, கரண்ட் செலவும் குறைவு. லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். அதோடு, கடிகாரம் பூஜ்யத்துக்கு வரும் முன் முதல் கார் கோட்டைத் தாண்டிவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று கூடிவிடும். மெக்சிகோவில் அப்படித்தான் ஆயிற்று. கடைசிச் சுற்றில் நிஸான் டீமின் இரண்டு கார்களும் கரண்ட் தீர்ந்து நின்றன. வேர்லைன் காரிலும் கடைசி சதவீதம். டி கிராஸி இடது பக்கம் போனால் இவர் அடைக்கிறார், வலது பக்கம் போனால் அடைக்கிறார். கடைசி வளைவும் தாண்டியாயிற்று. கோடு இதோ. அவ்வளவுதான், பவர் போச்சு. டி கிராஸி பக்கவாட்டில் 0.210 விநாடி வித்தியாசத்தில் தாண்டினார். பத்தாததற்கு, கடைசிச் சுற்றில் வளைவைக் குறுக்கே வெட்டியதற்காக வேர்லைனுக்கு 5 விநாடி தண்டனை. இரண்டாவது இடமும் போய் ஆறாவது!

கால்குலேட்டரை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சுற்று 2.093 கி.மீ., 45 சுற்றுக்குச் சுமார் 94 கி.மீ. 52 யூனிட்டுக்கு 94 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 0.55 யூனிட். கோட்டுக்கு முன் 20 மீட்டர் குறைந்தது என்று வைத்துக் கொள்வோம். 0.011 யூனிட். நம்ம ஹாஸ்டல் ரூமில் எரிகிற 9 வாட் எல்.இ.டி. பல்பை ஒன்றேகால் மணி நேரம் எரிய விடுகிற கரண்ட்! அந்த அளவு மிச்சம் பிடித்திருந்தால் பந்தயம் மஹிந்திராவுக்கு.

இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். மோட்டார், இன்வெர்ட்டர், கியர் எல்லாம் சேர்ந்த எஃபிஷியன்சியில் ஒரே ஒரு சதவீதம் கூடினால் 52 யூனிட்டில் அரை யூனிட் மிச்சம். அது ஏறத்தாழ 900 மீட்டர், கிட்டத்தட்ட அரைச் சுற்று. எஃபிஷியன்சி 94க்கும் 95க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நாம் லேபில் ரீடிங்கை ரவுண்டு ஆஃப் செய்கிறோமே, இவர்கள் அந்த ஒன்றுக்காகத்தான் கோடிக் கணக்கில் கொட்டுகிறார்கள். முதல் சீசனில் 5 கியர் இருந்த கார்கள் பின்னால் ஒரே கியருக்கு மாறியதும் இதனால்தான். மோட்டார் நிற்கிற நிலையிலிருந்தே முழு டார்க் தரும்போது, எடையும் உராய்வும் கூட்டுகிற பல்சக்கரங்கள் எதற்கு?

எங்கள் கார்ட் நின்றது வேறு விதம் என்று அப்புறம்தான் புரிந்தது. மறுநாள் லேபில் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் சார்ஜ் மிச்சம் இருந்தது! நான்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகளை வரிசையாக இணைத்திருந்தோம். பழசு, பாதி விலைக்கு வாங்கியது. கன்ட்ரோலர் 42 வோல்ட்டுக்குக் கீழே போனால் கட் செய்துவிடும். சும்மா இருக்கும்போது 46 வோல்ட் காட்டியது. பேட்டரிகளின் உள் ரெசிஸ்டன்ஸ் மொத்தம் 0.1 ஓம்கூட இருந்தது. 40 ஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். 46 போக 4, மீதி 42. கட்! எங்கள் டிரைவர் கோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் காலை முழுக்க அழுத்திவிட்டான். பாதி அழுத்தி 20 ஆம்பியர் மட்டும் இழுத்திருந்தால் 2 வோல்ட்தான் விழுந்திருக்கும், மெதுவாகவாவது உருண்டு போய்ச் சேர்ந்திருப்போம். இதை அவனிடம் சொன்னபோது, "அதை முன்னாடியே சொல்ல வேண்டியது யாருடா?" என்றான். என்ன பதில் சொல்வது? ஆம்பியர்-ஹவரை மட்டும் கணக்குப் போட்டேன், உள் ரெசிஸ்டன்ஸை அளக்கவே இல்லை. தப்பு என்னுடையதுதான்.

வேர்லைன் விஷயம் அப்படியல்ல. விதிப்படி எண்ணிக் கொடுத்த யூனிட் தீர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் மறக்கவில்லை. 2022ல் போர்ஷே டீமுக்குப் போன பிறகு, அதே மெக்சிகோவில், கடிகாரம் முடியும் முன் வேண்டுமென்றே வேகமாகக் கோட்டைத் தாண்டி எல்லோருக்கும் ஒரு சுற்றைக் கூட்டிவிட்டார். தன் தொட்டியில் அதற்கும் மிச்சம் வைத்திருந்தார். மற்றவர்கள் தவித்தார்கள், இவர் ஜெயித்தார். 2024ல் உலக சாம்பியனும் ஆனார்.

மஹிந்திராவுக்கு அப்படி நேரம் கூடிவரவில்லை. 2019 மெக்சிகோவுக்கு ஒரு மாதம் முன்பு மராகேஷில் ஜெரோம் டாம்ப்ரோசியோ ஜெயித்திருந்தார். முன்னால் ஓடிய பி.எம்.டபிள்யூ. டீமின் இரண்டு கார்களும் தங்களுக்குள்ளேயே மோதிக் கொண்டதால் கிடைத்தது அது. அதன் பிறகு இரண்டரை வருடம் வெற்றி இல்லை. 2021 ஜூலை 25, லண்டன். அங்கே மறுபடியும் டி கிராஸி! சேஃப்டி கார் மெதுவாக ஓடிக் கொண்டிருக்க, இவர் எட்டாவது இடத்திலிருந்து பிட் பாதை வழியாகப் புகுந்து முதலாவதாக வெளியே வந்தார். பாதை குறுக்கு வழியாக அமைந்துவிட்டது. பிட்டில் கார் முழுமையாக நிற்க வேண்டும் என்பது விதி, இவர் சக்கரம் சுத்தமாக நிற்கவில்லை. தண்டனை கொடுத்தார்கள். அதை நிறைவேற்றாமலே ஓட்டி முதலாவதாக முடித்தார். தகுதி நீக்கம்! வெற்றி மஹிந்திராவின் அலெக்ஸ் லின்னுக்கு. மெக்சிகோவில் பறித்தவரே லண்டனில் திருப்பிக் கொடுத்தது போல ஆயிற்று. அது டீமின் ஐந்தாவது வெற்றி. இதைவிட வேடிக்கை, 2023ல் டி கிராஸி மஹிந்திராவிலேயே சேர்ந்தார். முதல் பந்தயம் எங்கே? மெக்சிகோவில்தான்! முதல் இடத்திலிருந்து கிளம்பி மூன்றாவதாக முடித்தார்.

அந்த 2023தான் புதிய மூன்றாம் தலைமுறைக் கார் வந்த வருடம். தகுதிச் சுற்றில் 350 கிலோவாட், பந்தயத்தில் 300. பேட்டரியில் கிடைப்பது 38.5 யூனிட்தான், முந்தையதைவிடக் குறைவு! முழு பவரில் 8 நிமிடம்கூடத் தாங்காது. ஆனால் முன் அச்சிலும் ஒரு ஜெனரேட்டர் வைத்து, பிரேக் பிடிக்கும்போது 600 கிலோவாட் வரை திரும்பப் பிடிக்கலாம். பந்தயத்தில் செலவாகும் கரண்டில் 40 சதவீதம் இப்படித் திரும்பி வருவது. பிப்ரவரி 11 அன்று ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் இந்தியாவின் முதல் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது. சொந்த ஊரில் ஆலிவர் ரோலண்ட் ஆறாவதாக வந்தார். இரண்டே வாரம் கழித்து கேப் டவுனில் பின் சஸ்பென்ஷனில் ஆபத்தான குறை தெரிந்து, மஹிந்திரா தன் கார்களையும், தன் மோட்டாரை வாங்கி ஓட்டிய இன்னொரு டீமின் கார்களையும் பந்தயத்திலிருந்தே விலக்கிக் கொண்டது. வெட்கக்கேடு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சஸ்பென்ஷன் உடையும் என்று தெரிந்தும் ஒரு ஆளை உட்கார வைத்து ஓட்டச் சொல்வதுதான் வெட்கக்கேடு. ஹைதராபாத்தில் 2024ல் நடக்க இருந்த இரண்டாவது பந்தயமும் ரத்தாகிவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டீமின் பட்டறை இங்கிலாந்தில் பான்பரியில் இருக்கிறது. மோட்டார் விஷயத்தில் முதலில் இத்தாலியின் மாக்னெட்டி மரெல்லி, பிறகு ஜெர்மனியின் இசட்.எஃப். கூட்டு. ஓட்டுனர்களும் கருணுக்குப் பிறகு பந்தயத்தில் வெளிநாட்டவர்தான். "இதில் இந்தியா எங்கடா இருக்கு?" என்று என் ரூம்மேட் கேட்கிறான். பணமும் பெயரும் மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா ரிசர்ச் வேலி 2012ல் திறந்தார்கள், 2024 நவம்பரில் சென்னையில் வெளியிட்ட பி.இ. 6 எலெக்ட்ரிக் காரை உருவாக்கியதில் அதற்குப் பெரும்பங்கு. நம்ம சீனியர்கள் மாதிரி டிப்ளமோக்காரர்கள் இன்வெர்ட்டரையும் பேட்டரி பேக்கையும் கையால் தொடுகிற இடங்கள் இப்போது பஸ் தூரத்தில் வந்துவிட்டன. அந்த அளவுக்கு எனக்குத் திருப்தி.

டீம் அப்புறம் மெல்ல எழுந்துவிட்டது. நிக் டி வ்ரீஸ், எடொர்டோ மோர்டாரா என்ற இருவர் ஓட்ட, 2025ல் மொனாக்கோவில் டி வ்ரீஸ் இரண்டாவது. அந்த சீசன் முடிவில் டீம் நான்காவது. இந்த மோர்டாரா யாரென்றால், 2017 ஹாங்காங்கில் முதலிடத்தில் ஓடும்போது கடைசிச் சுற்றுகளில் சுழன்று போய், ரோசன்குவிஸ்ட்டுக்கு வழிவிட்டவர்.

எங்கள் கார்ட் மறுபடி வேப்பமரத்தடிக்கு வந்தாயிற்று. இந்தத் தடவை நான்கு பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸையும் தனித்தனியாக அளந்து, ஒன்றை மாற்றிவிட்டோம். ஸ்டீயரிங் பக்கத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் செலவான வாட்-ஹவரும் காட்டுகிற மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறோம். 43 வோல்ட்டுக்கு வந்தால் சிவப்பு லைட் எரியும், பார்த்ததும் காலைத் தூக்க வேண்டும். போட்டி அடுத்த மாதம். ஓட்டப் போவது போன தடவை ஓட்டியவனேதான்.